கண்ணாடியின் கீழ் வைக்கப்படாத கட்டுரை

ஐயா அவர்களே, அல்லது அம்மணி அவர்களே,

தங்கள் கடிதத்தின் அடியில் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தமையால், தங்களை எவ்வாறு விளிப்பதென்று அறியாமல் இரண்டையும் எழுதியுள்ளேன். பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊரிற் பிறந்து, நரம்புகளின் மீதும் மூளையின் மீதும் மருந்துகள் செய்யும் வேலையை ஆராய்ந்து, அத்துறையிற் பெயர் பெற்று மறைந்த ஒருவருடைய கட்டுரைகளைத் தாங்கள் திரட்டிவருவதாக எழுதியிருந்தீர்கள். எந்தக் கட்டுரையைப் பிற்காலத்து அறிஞர் எத்தனை பேர் எடுத்துக் குறிப்பிட்டார்கள் என்ற கணக்கும் அதிற் சேரும் என்றீர்கள். அவருடைய முதற் கட்டுரையைப் பலர் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்றும், அதன் பின் ஓர் இடைவெளி தெரிகிறது என்றும், இடைவெளியின் முடிவில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளிவந்துள்ளது என்றும், அதனை ஏறத்தாழ எவரும் எடுத்துக்காட்டவில்லை என்றும் கண்டிருக்கிறீர்கள். அக்காலத்தில் நிகழ்ந்ததை அறிந்தவர் கல்முனையில் எவரேனும் இன்னும் இருக்கிறார்களா என்பது தங்கள் கேள்வி.

ஒருவர் இருக்கிறார். இதனை எழுதுகின்ற நான்தான் அவர். தங்கள் கடிதத்தைப் பெற்ற நாள் முதல், பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். கல்வியாளர் ஒருவருக்கு எழுதக் கூச்சப்பட்டதால் அன்று; எழுத வேண்டிய செய்தியை எண்ணி வெட்கப்பட்டதால்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சிறு கடை இருந்தது. பத்திரிகைகள், சிலேட்டுகள், மை, கடித உறைகள், பாடசாலைக் கொப்பிகள் ஆகியவற்றை விற்றேன். வாப்பா மறைந்தபோது நான் ஐந்தாம் வகுப்பை முடித்திருக்கவில்லை. பின்னர் கற்றதெல்லாம் விற்பனைக்கு வந்த தாள்களிலிருந்து கற்றது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் ஆங்கிலப் பத்திரிகையை, அதிகம் படித்தவர்கள் வாங்க வருமுன் நான் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். விளங்காத சொற்களை, அடுத்த ஒழுங்கையில் வசித்த மெதடிஸ்தப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கேட்பேன். அந்தக் கிறிஸ்தவப் பெரியவர் சலிக்காமல் விளக்குவார். சில ஆண்டுகளில், ஆங்கிலத்தில் வரும் தந்திகளையும் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களையும் வாசித்துக் காட்டும்படி மக்கள் என்னிடம் வரத் தொடங்கினர். அதனால் எனக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. அம்மதிப்பை நான் மிகவும் விரும்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருபவை எல்லாம் அதிலிருந்தே பிறந்தவை.

எனக்கு ஒரே தங்கை. எங்கள் பகுதியில் மணமகன் பெண்ணின் வீட்டில் வந்து வாழ்வதே வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே வாப்பா இல்லாத வீட்டில், தங்கைக்கென ஒரு கல்வீட்டைக் கட்டுவது என் கடமையாயிற்று. அதற்குக் கூரை போட்ட ஆண்டிலேயே மாப்பிள்ளைப் பேச்சுகள் தொடங்கின. முடிவு சொல்லும் உரிமை உம்மாவின் மூத்த சகோதரராகிய பெரிய மாமாவிடம் இருந்தது. சவளக்கடையில் அவருக்கு வயல்கள் இருந்தன. ஊரில் அவர் குரலுக்குப் பாரம் இருந்தது.

பெரிய மாமா ஒரு சம்பந்தத்தை மறுக்கும் முறையை இங்கே சொல்ல வேண்டும். எங்களவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘வேண்டாம்’ என்ற சொல்லை வாயாற் சொல்வதில்லை. அவர்கள் எதையேனும் கொண்டுவந்தால், அது ஒரு சீப்பு வாழைப்பழமாயினும், பெண் வீட்டு ஆண்மகன் எழுந்து இரு கைகளாலும் வாங்கினாற் பேச்சு நிலைக்கிறது. ‘வைங்க, பொறகு பாப்பம்’ என்றால், பேச்சு அங்கேயே முடிந்தது. அதன் பின் அவர்கள் கேட்கமாட்டார்கள், நாமும் சொல்லமாட்டோம். மருதமுனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தத்தை மாமா அவ்வாறே முடித்ததை நான் அருகிலிருந்து பார்த்தவன். பழத்தட்டு நிலத்திலேயே இருந்தது. வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள்.

இனி, தாங்கள் கேட்ட அறிஞரை, அன்று இளைஞராயிருந்த அவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய தந்தை, சவளக்கடை வயல்களிலிருந்து நெல் மூட்டைகளை ஆலைக்குக் கொண்டுவரும் மாட்டுவண்டிக்காரர். மகன் உதவிப் பணத்திற் படித்து, கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மனம் கலங்கியவர்களுக்கும் உறக்கமற்றவர்களுக்கும் எங்கள் பகுதி நாட்டு வைத்தியர்களாகிய பரிசாரிமார் ஒரு வேரை அரைத்துக் கொடுப்பதுண்டு. அவ்வேரின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, அவை அமைதியடைந்து நெடுநேரம் உறங்குகின்றன என்று அவர் எழுதிய கட்டுரை ஐரோப்பியச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்திருந்தது. அந்நாளில் உலகெங்கும் மனநோய்க்குப் புதிய மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதனாற் பல நாட்டு அறிஞர்கள், கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பும்படி அவருக்குத் தபாலட்டைகள் எழுதினார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்த அட்டைகளையும் கட்டுரையின் பிரதியையும் எனக்குக் காட்டினார். நான் கேட்டு வாங்கி, கடையில் என் மேசைமீது விரித்திருந்த கண்ணாடியின் கீழ் அடுக்கி வைத்தேன். அவருக்கு அது விருப்பமில்லை. அண்ணனைக் ‘காக்கா’ என்பது எங்களவர் வழக்கம்; அவரும் என்னை அவ்வாறே அழைப்பார்.

“காக்கா, இதுகள் சும்மா பிரதி கேட்டு எழுதின காட்கள். ஆக்கள் பாக்க என்ன இரிக்கி?”

“நம்மட ஊரான்ர பேரு இதில இரிக்கி தம்பி. அது காணாதா?”

மக்கள் வந்து பார்த்தார்கள். முத்திரைகளைப் பார்த்தார்கள். தங்கையும் ஒரு நாள், உம்மாவோடு கடைக்கு நூல் வாங்க வந்தவள், கண்ணாடியின்மேற் குனிந்து ஓர் அட்டையைக் காட்டி, “இது எவடம் காக்கா?” என்றாள். சொன்னேன். மற்றொன்றைக் காட்டினாள். அதையும் சொன்னேன். எல்லா அட்டைகளையும் கேட்டு முடித்த பின், “வண்டிக்கார மூத்தவர்ர மகன்ர எழுத்தா இவ்வளவு எடத்துக்கும் போனது?” என்றாள். உம்மா என்னைப் பார்த்தார். அதற்கு மேல் ஒருவரும் அவளுடைய விருப்பத்தை அவளிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய மாமாவும் வந்தார்.

“இதென்னடா மகன், கலியாணக் காட் மாதிரி அடுக்கி வச்சிரிக்காய்?”

“வெளிநாட்டு டொக்டர்மார் அவர்ர கட்டுரை வேணுமெண்டு கேட்டு எழுதினது, மாமா.”

“காசு அனுப்பினவனுகளா?”

“இல்ல. சும்மா அனுப்பச் சொல்லித்தான்.”

“அப்ப யாசகம்டா! வெள்ளிக்கிழமை பள்ளி வாசல்ல நிக்கிற ஆக்களுக்கு ஆளுக்கொரு முத்திரை குடுத்தா அவங்களும் இப்பிடித்தான் எழுதுவாங்க.”

உம்மாவும் நானும் தங்கைக்கு அந்த இளைஞரை எண்ணியிருந்தோம். மாமாவின் மனத்தில் வேறொருவர் இருந்தார். இறக்காமத்தில் வயலும் மாடுகளும் உடைய ஒரு போடியார். நல்ல மனிதர், மனைவியை இழந்தவர், வயதிற் சற்று முதிர்ந்தவர். அவருக்கு எதிராக நிறுத்துவதற்கு இளைஞரிடம் நிலம் இல்லை, வீடு இல்லை. கட்டுரை ஒன்றுதான் இருந்தது. ஆகவே அக்கட்டுரையையே சொத்தாகக் காட்டுவதென்று நான் தீர்மானித்தேன்.

ஓர் அறிஞரின் கட்டுரையை இன்னோர் அறிஞர் தம் கட்டுரையிற் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே பெரிய கௌரவம் என்று எங்கோ வாசித்திருந்தேன். எனக்குப் பத்திரிகைக் கட்டுகளை அனுப்பும் கொழும்புக் கடைக்காரருக்கு எழுதி, அந்தத் துறைச் சஞ்சிகைகளில் அத்தகைய குறிப்பு ஏதேனும் வந்தாற் பார்த்து அனுப்பும்படி வேண்டினேன். அவர் நல்லவர், ஒருநாள் பத்திரிகைக் கட்டோடு ஒரு சஞ்சிகையும் வந்தது. கடைசிப் பக்கத்துப் பெயர் வரிசையில் எங்கள் இளைஞரின் பெயர் இருந்தது. உள்ளே தேடினேன். அவருடைய பெயருக்கு முன்னால், கருத்தைக் கவரும் அவதானிப்பு என்று பொருள்படும் இரண்டு சொற்கள். நான் அந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளியோடு சஞ்சிகையை மூடிவிட்டேன்.

அடுத்த வாக்கியம் ‘ஆயினும்’ என்று தொடங்கியது. அதை நான் வாசிக்கவில்லை. ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். ஒழுங்கையைத் தாண்டினால் அவர் வீடு. ஆனால் அது எனக்குக் கிடைத்த வெற்றி. அதை வாசிக்க எனக்கு இன்னொருவர் தேவை என்பதை அன்று யாரும் அறியக்கூடாதென்று நினைத்தேன். இளைஞருக்கும் காட்டவில்லை. சபையில் வைத்து அவரையே வியக்கச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

பேச்சு எங்கள் வீட்டில் நடந்தது. பெரிய மாமா, பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார்களுள் ஒருவர், இரு பக்கத்து உறவினர் சிலர், வண்டிக்காரத் தந்தை ஆகியோர் பாயில் அமர்ந்திருந்தனர். பேச்சு நடக்கும் சபைக்கு மாப்பிள்ளை வருவதில்லை. நான்தான் வற்புறுத்தி அவரை வரவழைத்திருந்தேன். அவர் ஓரமாக, தந்தையின் பின்னால் இருந்தார். கதவுக்குப் பின்னால் உம்மாவும் தங்கையும் இருந்தார்கள். தங்கையின் வளையல் ஒருமுறை கதவில் தட்டியது.

மாமா தொடங்கினார்: “மாப்புளக்குச் சொத்து என்ன இரிக்கி? வாப்பாட வண்டிய விட்டா வேற என்ன?”

நான் சஞ்சிகையைத் திறந்தேன். முதலில் ஆங்கிலத்தில் வாசித்தேன். பிறகு தமிழில், என் சொந்த அலங்காரங்களையும் சேர்த்துச் சொன்னேன். இன்ன தேசத்துப் பேரறிஞர்கள், நம் ஊர்ப் பிள்ளையின் கண்டுபிடிப்பு கருத்தைக் கவருவது என்று எழுதி, அவருடைய பெயரை அச்சில் ஏற்றியிருக்கிறார்கள் என்றேன்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் மரைக்கார். வண்டிக்காரத் தந்தை துண்டினால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாமா மட்டும் அசையவில்லை. “மிச்சத்தையும் வாசி மகன். ஒரு வரிக்கா இவ்வளவு பெரிய பொத்தகத்தக் கொழும்பில இரிந்து எடுப்பிச்சாய்?”

வாசித்தேன். ‘ஆயினும்’ வந்தது. அதன் பின் எலிகள் வந்தன. அதன் பின் மதுசாரம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல் வந்தது. அது எனக்குத் தெரிந்த சொல். என் நாக்கு நின்றுவிட்டது. நான் வாசித்தது பாராட்டு அன்று என்பதை, சபை முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அறிந்தேன்.

“என்னடா நிப்பாட்டினாய்?”

“மிச்சமெல்லாம் மருந்துக் கணக்கு மாமா. நமக்கு விளங்காது.”

அப்போது இளைஞர் கையை நீட்டினார். “காக்கா, அதத் தாங்க.”

கொடுத்தேன். அவர் வாசித்தார். வாசிக்கும்போது அவருடைய காது மடல்கள் சிவந்தன. பக்கத்தைத் திருப்பி, மறுபடியும் முன்பக்கத்துக்கு வந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மரைக்காரைப் பார்த்துச் சொன்னார்:

“இவங்க என்னைப் புகழல்ல. பிழை பிடிச்சிரிக்காங்க. வேர்ச் சாறு தண்ணியில கரையாது. அதால நான் மதுசாரத்தில கரைச்சுக் குடுத்தன். மற்ற எலிகளுக்கு வெறுந்தண்ணி குடுத்து ஒப்பிட்டன். இவங்க வேரே இல்லாம மதுசாரத்த மட்டும் குடுத்துப் பாத்திரிக்காங்க. அந்த எலிகளும் அதே மாதிரி நித்திர கொண்டிரிக்கி. நான் அதச் செஞ்சு பாத்திரிக்கணும். செய்யல்ல.”

“பொறு, பொறு,” என்றார் மாமா. “மதுசாரம் எண்டா சாராயந்தானே?”

“அந்த இனந்தான். மருந்து கரைக்கிறதுக்கு...”

“எலிக்குச் சாராயத்தக் குடுத்துப்போட்டு, எலி நித்திர கொள்ளுது எண்டா எழுதினாய்?”

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அத்தோடு அடக்க முடியாமற் போயிற்று.

“இத எழுதவா கொழும்புக்குப் போனாய்? கள்ளுக் கொட்டில் வாசல்ல போய் நிண்டா நானும் எழுதுவனே! வெள்ளக்காரன் எனக்கும் காட் போடுவானா மகன்?” என்று என் பக்கம் திரும்பினார் மாமா. நான் பாயின் கோரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரைக்கார் கையை உயர்த்தினார். “சிரிக்கிறத நிப்பாட்டுங்க. தம்பி, இது முந்தியே உங்களுக்குத் தெரியுமா?”

“இல்ல மரைக்கார். இப்பதான் பாக்கிறன். ஆனா அவங்க சொல்றது சரியாத்தான் இரிக்கணும் போல கெடக்கு.”

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

“திரும்பச் செஞ்சு பாக்கணும். பிழையெண்டா, பிழையெண்டு நானே எழுதணும்.”

“எழுதிப்போட்டுக் கொண்டு வாங்க. அதுக்குப் பொறகு கதைப்பம். பேச்சு முடியல்ல.” மாமாவைப் பார்த்து அழுத்தமாக, “என்ன, முடியல்லதானே?” என்றார். மாமா தோளைக் குலுக்கினார்.

ஆகவே தாங்கள் கண்ட இடைவெளி அன்று, எங்கள் வீட்டுப் பாயில் தொடங்கியது. இளைஞர் மறுநாளே கொழும்புக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தார் என்று பின்னர் அறிந்தேன். அந்தக் காலத்தில் அவர் வேறெதையும் எழுதி வெளியிடவில்லை.

இங்கே ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாமாவின் பகிடி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. வண்டிக்காரரைக் கண்டால், “மூத்தவர், வண்டியில நெல்லா, போத்தலா?” என்று கேட்பார்கள். ஆலையில் எலி ஓடினால், “அதுக்குக் குடுக்காதீங்க, நித்திர கொண்டிரும்,” என்பார்கள். மது விலக்கப்பட்ட எங்களிடையே அது வெறும் பகிடி அன்று. அதில் ஒரு கறையும் இருந்தது. ஒருநாள் கடையில் ஒரு லொறிக்காரர் இதையே நடித்துக் காட்டினார். தள்ளாடும் எலியாக நடந்து காட்டினார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பியபோது, வண்டிக்காரத் தந்தை மகனுக்குக் கடிதம் அனுப்ப உறை வாங்குவதற்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார். உறையை வாங்கி, விலாசத்தை எழுதித் தரும்படி என்னிடமே நீட்டினார். எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பின் இரண்டாவது மாரிக்கால நெல் வெள்ளாண்மை வெட்டி முடிந்து, வண்டிகள் ஓய்ந்திருந்த காலத்தில் ஒரு முற்பகல், அந்த மூத்தவர் கடைக்கு வந்தார். அன்று வெள்ளைச் சாரமும் சலவை செய்த சட்டையும் அணிந்திருந்தார். அதை நான் கவனித்தேன். அதன் பொருளைக் கவனிக்கவில்லை. கடையில் நாலைந்து பேர் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தனர். லொறிக்காரரும் இருந்தார்.

அவர் ஒரு தாளை எடுத்து என்முன் நீட்டினார். “மகன் அனுப்பினது, தம்பி. அச்சில வந்திரிக்காம். இதையும் வாசிச்சுச் சொல்லுங்க.”

இடையில் ஆங்கிலத்தை மேலும் கற்றிருந்தேன், ஆகவே இம்முறை தெளிவாக வாசித்தேன். அரைப்பக்கம்தான். முன்னர் தாம் எழுதிய கட்டுரையில் கண்ட உறக்கம் மதுசாரத்தினால் உண்டானதே. வேரைப் பிசின் கலந்த தண்ணீரிற் கொடுத்தபோது அது நிகழவில்லை. முன்னைய முடிவை ஏற்க வேண்டாம். பிழையைக் காட்டியவர்களுக்கு நன்றி. இவ்வளவே. குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி தமிழிற் சொன்னேன். நான் ஏன் குரலைத் தாழ்த்தினேன்?

“இது நல்லதா, கெட்டதா தம்பி?” என்று கேட்டார்.

“நல்லதுதான்.”

“மரைக்கார் சொன்ன மாதிரிச் செஞ்சிட்டாரா?”

“ஓம். செஞ்சிட்டார்.”

அவர் முகம் மலர்ந்தது. மேசையைத் தொட்டார். அங்கே அந்தப் பழைய தபாலட்டைகளும் முதற் கட்டுரையும், பகிடி தொடங்கிய பின் நான் பத்திரிகைகளால் மூடி வைத்திருந்தபடியே, கண்ணாடியின் கீழ் இருந்தன. “அப்ப இதையும் இதுக்குக் கீழ வைங்க தம்பி. ஆக்கள் பாக்கட்டும்.”

தாள் எங்கள் இருவருக்கும் நடுவே அவருடைய கையில் இருந்தது. நான் லொறிக்காரரைப் பார்த்தேன். அவர் பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்முன் என்ன தோன்றிற்றென்றால், ‘நான் எழுதியது பிழை’ என்று ஒருவர் தாமே அச்சிட்ட தாளை, ஊரின் ஆங்கிலம் அறிந்தவன் கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்சிப்படுத்துகிறான். நாளைக்குப் பெரிய மாமா அதன்மேற் குனிகிறார். அந்தத் தாளின் பெருமையை மாமாவுக்கு விளக்க என்னால் முடிந்திருக்கும். ஆனால் அப்பெருமையை நானே முழுவதும் நம்பவில்லை. அதுதான் உண்மை.

“வைங்க மூத்தவர்,” என்றேன். “பொறகு பாப்பம்.”

கடைக்காரன் ஒருவன் நாள்தோறும் பலருக்குச் சொல்லும் சொற்களாகவே அவை என் வாயிலிருந்து வந்தன. ஆனால் அவர் கடைக்காரனிடம் வரவில்லை. வெள்ளைச் சாரம் உடுத்து, பெண் வீட்டு ஆண்மகனிடம், கொண்டு வரும்படி சொல்லப்பட்ட பொருளைக் கொண்டு வந்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டவில்லை. பேச்சை எங்களவர் எப்படி முடிப்பார்களோ, அந்தச் சொற்களை ஒன்று குறையாமற் சொன்னேன்.

அவர் தாளை முன்னிருந்த மடிப்பிலேயே மடித்து, சட்டைப் பையில் வைத்தார். “இந்த முறை வெள்ளாம பரவாயில்ல,” என்றார். “மழை பிந்திட்டுது, எண்டாலும் பரவாயில்ல.” “ஓம்,” என்றேன். அவர் போய்விட்டார். மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார் என்பது அன்று அஸர்த் தொழுகைக்குப் பள்ளியில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓடியிருக்கலாம். அவர் வீடு தொலைவில் இல்லை. வாசல்வரை போனேன் என்றாவது எழுத முடிந்தால் நன்றாயிருக்கும், போகவில்லை. முடிந்த பேச்சை மீண்டும் தொடங்கப் பெண் வீட்டார் படியேறிப் போவதை மாமா எப்படிப் பேசுவார் என்று நினைத்தேன். நாளைக்குப் பார்ப்போம் என்றிருந்தேன். நாட்கள் தாமாகவே கடந்தன. வண்டிக்காரர் தம் பக்கத்தில் பேச்சு முடிந்ததென்று மரைக்காரிடம் சொல்லிவிட்டார், காரணம் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையன் பிழையைத் திருத்தாமற் பின்வாங்கிவிட்டான் என்றே ஊர் எண்ணிற்று. மாமாவும் அப்படியே சொன்னார். நான் மறுத்துப் பேசினேன். ஆனால் மறுப்பதற்குக் காட்ட வேண்டிய தாள் என்னிடம் இல்லை. காட்டும்படி அதை என் கையிற் கொடுத்தபோது நான் வாங்கவில்லை.

தங்கை இறக்காமத்துப் போடியாருக்கு மனைவியானாள். அவர் அவளை மதிப்பாகவே வைத்திருந்தார். வயலைப் பார்க்க வேண்டி, எங்கள் வழக்கத்துக்கு மாறாக, அவளை இறக்காமத்துக்கே அழைத்துச் சென்றார். நான் கட்டிய கல்வீட்டில் உம்மாவும் நானும் இருந்தோம். அவள் கெட்டுப்போனாள் என்று நான் எழுதினால் அது பொய். பிள்ளைகளைப் பெற்று, வயல்களை ஆண்டு, யானை வரும் காலங்களில் ஆட்களை நடத்தி வாழ்ந்தாள். தன் காலம் முழுவதும் அவள் என்னை ஏசியதில்லை.

ஒரே ஒருமுறை, பெருநாளுக்கு வந்திருந்தபோது, கடைக்கு வந்து அந்த மேசையருகே நின்றாள். நான் பத்திரிகைகளை அகற்றியிருந்தேன். முதற் கட்டுரையும் தபாலட்டைகளும் மஞ்சளாகிக் கிடந்தன. அந்தத் தாளைப் பற்றி அவளுக்கு எவ்வாறு தெரிந்ததென்று இன்றும் அறியேன். மூத்தவர் தம் வீட்டிற் சொல்லி, பெண்கள் வழியாக வந்திருக்கலாம்.

“காக்கா,” என்றாள், “ஒரு அரைப்பக்கத் தாளுக்கு இதுக்குக் கீழ எடமில்லாமப் போச்சா?”

அவள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள். இன்று அவளும் இல்லை. அந்த மூத்தவரும் இல்லை.

மூத்தவருடைய மகன் பிற்காலத்தில் எழுதிய கட்டுரைகளை நான் கண்டதில்லை. தங்கள் பட்டியலிலேதான் முதன்முறையாக அவற்றின் தலைப்புகளை வாசித்தேன். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் என் கடையைக் கடந்து போவார், கண்டால் நின்று, “சுகமா காக்கா?” என்று கேட்பார். கடைசிவரை அவ்வாறே கேட்டார். அந்தச் சுகவிசாரிப்பைத் தாங்குவது பெரிய மாமாவின் பகிடியைத் தாங்குவதிலும் கடினமாக இருந்தது.

தங்கள் கணக்கைப் பற்றி, படிக்காதவன் ஒருவனின் ஒரு விண்ணப்பம். முதற் கட்டுரையைக் குறிப்பிட்டவர்கள் பலர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் ஒன்று நான் சபையில் வாசித்தது. அதுவும் தங்கள் தொகையில் அவருக்குப் பெருமையாகவே சேர்ந்திருக்கும். தயவுசெய்து ஒவ்வொன்றையும் ‘ஆயினும்’ என்ற சொல்லுக்கு அப்பாலும் வாசித்துப் பாருங்கள். எவரும் எடுத்துக்காட்டாத அந்த அரைப்பக்கக் குறிப்பைச் சிறியதென்று விட்டுவிடாதீர்கள். அதற்காக அவர் ஒரு வீட்டை இழந்தார். இழக்கச் செய்தவன் நான்.

அந்தக் குறிப்பின் பிரதி ஒன்றைத் தாங்கள் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த விவரத்தை அதனுடன் சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.